உமிச்சாம்பல் கலந்த கான்கிரீட்: கடலோரத்தில் கம்பியைத் துருவிலிருந்து காக்க ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கில் கடலை ஒட்டிய பழைய கட்டடம் எதையாவது கிட்டப் போய்ப் பாருங்கள். தூணில் கம்பி போகும் பாதைக்கு நேராக மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியிருக்கும். சில இடங்களில் அந்த விரிசல் வழியே பழுப்புக் கறை வழிந்திருக்கும். பால்கனியின் அடிப்பக்கத்தில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரியும். தஞ்சோங் தோக்கோங், பத்து ஃபிரிங்கி, பட்டர்வொர்த் கரை என எங்கும் இதே கதைதான். மேலே சிமெண்டு பூசி பெயிண்ட் அடித்தால் கறை மறையும், உள்ளே துரு நிற்காது.

இந்த வழிகாட்டி புதிதாகக் கான்கிரீட் போடப் போகிறவர்களுக்கானது: சிறு குத்தகையாளர்கள், வேலைத்தள மேற்பார்வையாளர்கள், குடிசார் பொறியியல் மாணவர்கள், சொந்த வீட்டு வேலையைத் தாங்களே கவனிக்கும் வீட்டுக்காரர்கள். நெல் உமியை முறையாக எரித்த சாம்பலைச் சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்த்தால், கடல் உப்பு கம்பியைத் தொட எடுக்கும் காலம் நீளும். இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். 1970களிலேயே கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பி. கே. மேத்தா இதில் முன்னோடி வேலை செய்தார். ஆனால் கண்ட சாம்பலையும் அள்ளிக் கலவையில் கொட்டினால் நன்மைக்குப் பதில் கேடுதான் வரும். எந்தச் சாம்பல், எவ்வளவு, எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தூண், உத்திரம், தளம் போன்ற சுமை தாங்கும் பகுதிகளில் பதிவு பெற்ற பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் கலவையை மாற்றாதீர்கள். முதலில் சுற்றுச்சுவர் அடித்தளம், வடிகால் மூடி, நடைபாதைப் பலகை போன்றவற்றில் செய்து கை பழகுங்கள்.

முதலில், துரு எப்படி வருகிறது

நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அதன் நுண்துளைகளில் உள்ள நீரின் பி.எச் அளவு 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. அது இருக்கும்வரை கம்பிக்கு ஆபத்தில்லை.

அந்தப் படலத்தை இரண்டு எதிரிகள் உடைக்கின்றன. ஒன்று, கடற்காற்றிலும் கடல்நீரிலும் உள்ள குளோரைடு. சிமெண்டின் எடையில் சுமார் 0.4 விழுக்காடு அளவுக்குக் குளோரைடு கம்பியருகே சேர்ந்தால் ஆபத்து தொடங்குகிறது என்பது நடைமுறையில் வைத்துக்கொள்ளும் எல்லை. இன்னொன்று, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. அது மெல்ல உள்ளே புகுந்து சுண்ணாம்பைக் கார்பனேட்டாக மாற்றி, பி.எச் அளவை 9-க்கும் கீழே இறக்கிவிடும். படலம் உடைந்ததும் ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்து இரும்பைத் தின்னத் தொடங்கும். துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கடியில்தான் கான்கிரீட் வெடிக்கிறது.

உமிச்சாம்பல் முதல் எதிரிக்கு நல்ல தடை. சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு, உபரியாக வருகிறது. அது பலம் தராது. சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு வினைபுரிந்து, சிமெண்டுக்குப் பலம் தரும் அதே பசையைக் கூடுதலாக உண்டாக்குகிறது. அந்தப் பசை நுண்துளைகளை அடைத்து, ஒன்றோடொன்று இணைந்த வழிகளைத் துண்டிக்கிறது. உப்புக்கு உள்ளே வரப் பாதை குறைகிறது.

இரண்டாவது எதிரிக்கு இதே வினை எதிர்மாறாக வேலை செய்யலாம். சுண்ணாம்பைச் சாம்பல் செலவழித்துவிடுவதால், கார்பன் டை ஆக்சைடை எதிர்க்கும் சேமிப்பு குறைகிறது. கலவை அடர்த்தியாகவும் நன்றாக ஈரம் காக்கப்பட்டும் இருந்தால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. அவசரத்தில் காயவிட்ட கான்கிரீட்டில் தெரியும். இந்த உண்மையைச் சொல்லாமல் சாம்பலின் பெருமையை மட்டும் பேசுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

படி 1: உங்கள் இடம் எப்படிப்பட்டது?

ஐரோப்பியத் தரங்கள் கடலோரச் சூழலை மூன்றாகப் பிரிக்கின்றன. உப்புக் காற்று மட்டும் படும் இடம், எப்போதும் கடல்நீருக்குள் இருக்கும் இடம், அலை அடித்து நனைந்து காயும் இடம். மூன்றாவதுதான் மிக மோசம், ஏனென்றால் காயும்போதெல்லாம் உப்பு உள்ளே தங்கிச் சேர்கிறது. உப்புக் காற்று மட்டும் படும் இடத்துக்கு நீர்-சிமெண்டு விகிதம், அதாவது தண்ணீரின் எடையைச் சிமெண்டின் எடையால் வகுத்தது, 0.50-ஐத் தாண்டக் கூடாது. மற்ற இரண்டுக்கும் 0.45. கம்பியின் மேல் இருக்க வேண்டிய கான்கிரீட் தடிப்பு, வேலைத்தளத்தில் ‘கவர்’ என்போமே அது, வழக்கமான ஆயுள் வகுப்புக்குக் குறைந்தது 35, 40, 45 மி.மீ. என்று வரிசையாக ஏறும். வேலையில் ஏற்படும் தவறுக்கு இதோடு இன்னும் 10 மி.மீ. சேர்ப்பது வழக்கம்.

கவர் பற்றி ஒரு கணக்கு. உப்பு கம்பியை எட்டும் காலம் ஏறத்தாழ கவரின் இருமடிக்கு ஏற்ப நீளும். கவரை 25-லிருந்து 50 மி.மீ. ஆக்கினால் காலம் நான்கு மடங்கு. சாம்பல் உப்பு ஊடுருவும் வேகத்தைப் பாதியாக்கினால் காலம் இரண்டு மடங்கு. அதே பலனை கவரை 30-லிருந்து 42 மி.மீ. ஆக்கியும் பெறலாம். ஆகவே கவரைக் குறைத்துவிட்டு சாம்பல் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

படி 2: சாம்பலைத் தேர்ந்தெடுத்தல்

இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்குக் கைக்கெட்டும் சாம்பல் இரண்டு. செபராங் பிறையின் வடபகுதியிலும் பாலிக் பூலாவிலும் வயல்கள் உண்டு. எல்லை தாண்டினால் கெடாவின் நெற்களஞ்சியம். அரிசி ஆலைகளில் உமி குவிந்து கிடக்கும். தெற்கே நிபோங் திபால் பக்கம் போனால் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் நம் குடும்பங்களின் பல தலைமுறைகள் உழைத்திருக்கின்றன. செம்பனை ஆலைகள் கொதிகலனில் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்த பின் கழிக்கும் சாம்பலும் கான்கிரீட்டுக்குப் பயன்படும்.

இரண்டில் எனக்கு உமிச்சாம்பல்தான் முதல் தேர்வு. அதில் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்கா. செம்பனைச் சாம்பலில் சிலிக்கா குறைவு, ஆலைக்கு ஆலை மாறும், எரியாத கரியும் பொட்டாசியமும் அதிகம். ஆனால் அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நிபோங் திபாலில் பொறியியல் வளாகம் வைத்திருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், அதை மீண்டும் சூடாக்கிக் கரியைப் போக்கி, மிக நுண்ணிய தூளாக அரைத்து, உயர்பலக் கான்கிரீட்டில் பெரிய அளவில் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்குவம் செய்ய வசதி உள்ளவர்களுக்கு அது நல்ல பொருள்.

உமியை எரிக்கும் சூடுதான் சாம்பலின் தரத்தை முடிவு செய்கிறது. 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை கட்டுப்பாட்டோடு எரித்தால் சிலிக்கா படிகமாகாமல், வினைபுரியத் தயாரான நிலையில் இருக்கும். சூடு 800-ஐத் தாண்டி நீண்ட நேரம் நீடித்தால் சிலிக்கா படிகமாகிவிடும். அது மணல் மாதிரி, சுண்ணாம்போடு சேராது. நுரையீரலுக்கும் கேடு. சூடு குறைந்தாலோ காற்று போதாவிட்டாலோ கரி மிஞ்சும். கரி கலவைத் தண்ணீரையும், கலவையை இளக்கச் சேர்க்கும் கலப்பு மருந்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கருஞ்சாம்பல் கரி அதிகம் என்பதைக் காட்டும். சாம்பல் நிறம் நல்ல அறிகுறி. பளிச்சென்ற வெள்ளையைக் கண்டு மயங்காதீர்கள், அது அதிகச் சூட்டில் படிகமானதாகவும் இருக்கலாம். நிறம் ஒரு குறிப்பு மட்டுமே. உறுதியாக அறிய எக்ஸ்ரே சோதனைதான் வழி.

தோட்டத்து மூலையில் உமியைக் குவித்துத் தீ வைக்க வேண்டாம். திறந்தவெளி எரிப்பு 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி இங்கே குற்றம், அதோடு அப்படி எரித்தால் சூடும் கட்டுக்குள் நிற்காது. உமியை உலையில் எரிபொருளாகப் பயன்படுத்தும் ஆலையிடம் சாம்பலைக் கேட்டு வாங்குவதே சரியான வழி. எந்தச் சூட்டில் எரிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் தேதி எழுதி, ஒரு கிலோ மாதிரியைத் தனியே மூடி வையுங்கள்.

அளவு பற்றியும் ஒரு கணிப்பு இருக்கட்டும். ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி, அந்த உமியில் சுமார் 40 கிலோ சாம்பல். கீழே வரும் கலவையில் ஒரு கன மீட்டருக்கு 38 கிலோ சாம்பல் போகிறது. அதாவது ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் நெல்லின் உமி.

படி 3: அரைத்துச் சலித்துச் சோதித்தல்

சாம்பலை 105 டிகிரியில் உலர்த்தி, 300 மைக்ரான் சல்லடையில் சலித்து, அரைகுறையாக எரிந்த துண்டுகளை அகற்றுங்கள். பிறகு இரும்பு உருண்டைகள் போட்ட சுழலும் பீப்பாயில் அரைக்க வேண்டும். உமிச்சாம்பலின் துகள் தேன்கூடு போலத் துளை நிறைந்தது. அரைக்காமல் போட்டால் கலவைத் தண்ணீரை எல்லாம் குடித்துவிடும். இயற்கைப் பொசோலானாக்களுக்கான (சுண்ணாம்போடு வினைபுரிந்து இறுகும் இத்தகைய தூள்களுக்கான) அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். சி618, 45 மைக்ரான் ஈரச் சல்லடையில் 34 விழுக்காட்டுக்கு மேல் தங்கக் கூடாது என்கிறது. உமிச்சாம்பலுக்கு அதைவிட நன்றாக நுணுக்குவதே நல்லது. அரைக்கும்போதும் கொட்டும்போதும் நல்ல தூசி முகமூடி கட்டாயம். கைக்குட்டை கட்டுவது போதாது.

அதே தரம் சொல்லும் மற்ற அளவுகளும் நமக்கு உதவும். சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு மூன்றும் சேர்ந்து 70 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. எரித்து எடை பார்க்கும்போது இழப்பு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நான் 6-க்கு மேல் போனாலே திருப்பி அனுப்பச் சொல்வேன். சிமெண்டில் 20 விழுக்காட்டுக்குப் பதில் சாம்பல் போட்ட காரைக் கட்டி, சாதாரணக் கட்டியின் பலத்தில் 75 விழுக்காட்டையாவது 7 அல்லது 28 நாளில் எட்ட வேண்டும்.

கம்பியைக் காக்க வேண்டும் என்பதால் இன்னொரு சோதனை, இதை யாரும் தவிர்க்க வேண்டாம்: சாம்பலிலேயே குளோரைடு இருக்கிறதா? தாவரச் சாம்பலில் பொட்டாசியம் குளோரைடு இருக்கலாம், செம்பனைச் சாம்பலில் குறிப்பாக. சாம்பலை வடிநீரில் ஊறவைத்து வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சில துளி விட்டு அமிலமாக்கிய பின் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்தால், குளோரைடு இருக்கும்போது வெண்மையாகத் திரியும். அமிலம் விடாமல் செய்தால் சாம்பலின் காரமே வேறு படிவைக் காட்டி ஏமாற்றும். இதைப் பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்தில், தெரிந்தவர் மேற்பார்வையில் செய்யுங்கள். திரிந்தால் ஆய்வகத்தில் சரியான அளவு எடுக்கச் சொல்லுங்கள். நிலக்கரிச் சாம்பலுக்கான ஐரோப்பியத் தரத்தின் எல்லை 0.10 விழுக்காடு, அதையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

படி 4: கலவை

முதலில் சிமெண்டுப் பையைத் திருப்பிப் படியுங்கள். கடையில் கிடைக்கும் பல பைகளில் ஏற்கெனவே சுண்ணாம்புக்கல் தூளோ நிலக்கரிச் சாம்பலோ கலந்திருக்கும். அவை சி.ஈ.எம். 2 வகை. அதன் மேல் நாமும் சாம்பலைச் சேர்த்தால் கணக்கு தெரியாமல் சிமெண்டு குறைந்துபோகும். சுத்தமான போர்ட்லேண்டு சிமெண்டான சி.ஈ.எம். 1 கேட்டு வாங்குங்கள்.

உமிச்சாம்பல் 10 விழுக்காட்டில் தொடங்குங்கள். 15 வரை போகலாம். அதற்கு மேல் போனால் கலவை வேலைக்கு இணங்காது, சுண்ணாம்புச் சேமிப்பும் அதிகம் குறையும். உப்புக் காற்று படும் இடத்துக்குத் தொடக்கக் கலவை, ஒரு கன மீட்டருக்கு:

சிமெண்டு 342 கிலோ
உமிச்சாம்பல் 38 கிலோ
தண்ணீர் 171 கிலோ
மணல் 723 கிலோ
20 மி.மீ. ஜல்லி 1,085 கிலோ

தண்ணீரை சிமெண்டும் சாம்பலும் சேர்ந்த 380 கிலோவால் வகுத்தால் 0.45. மணலும் ஜல்லியும் உள்ளே ஈரம் நிறைந்து மேற்பரப்பு மட்டும் உலர்ந்த நிலைக்கான எடை இது. மழைக்குப் பிறகு மணலில் தண்ணீர் நிறைய இருக்கும். அந்தத் தண்ணீரைக் கழிக்காமல் ஊற்றினால் இத்தனை வேலையும் வீண்.

இந்தக் கலவை கெட்டியாகத்தான் வரும். வேலைக்காரர் ஒருவர் கட்டாயம் ‘அண்ணே, கொஞ்சம் தண்ணி விடட்டுமா?’ என்று கேட்பார். விடக் கூடாது. தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் மருந்தைச் சேர்த்து, சரிவு (கூம்பு அச்சைத் தூக்கியதும் கலவை இறங்கும் உயரம்) 100 மி.மீ. வாக்கில் வரும்படி பாருங்கள். அளவு அந்த மருந்தின் தாளில் உள்ளபடி. கடல் மணல், உவர்ப்புக் கிணற்று நீர் இரண்டும் பக்கத்திலேயே வேண்டாம்.

முதலில் 30 லிட்டர் மட்டும் கலந்து பாருங்கள்: சிமெண்டு 10.26, சாம்பல் 1.14, தண்ணீர் 5.13, மணல் 21.7, ஜல்லி 32.6 கிலோ. இதில் 150 மி.மீ. கட்டிகள் ஆறும் சிறு உருளைகள் இரண்டும் வரும். சாம்பல் இல்லாமல் 380 கிலோ சிமெண்டு கணக்கில் இன்னொரு கலவையும் அதேபோல் செய்யுங்கள். ஒப்பிட எதுவும் இல்லாத எண்ணுக்கு அர்த்தம் இல்லை. கட்டிகளை 7, 28, 90ஆம் நாட்களில் உடைக்கலாம். நன்றாக அரைத்த உமிச்சாம்பல் 28 நாளுக்குள்ளேயே தன் வேலையைக் காட்டும். செம்பனைச் சாம்பல் மெதுவானது, 90ஆம் நாளைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

படி 5: ஊற்றுதல்

சாம்பலையும் சிமெண்டையும் முதலில் உலர்வாகவே நன்கு கலந்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாம்பல் உருண்டை கட்டும். கம்பியை அடைப்புப் பலகையிலிருந்து விலக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்குகள் கான்கிரீட்டால் ஆனவையாக இருக்கட்டும். மரத்துண்டு, செங்கல் துண்டு வைத்தால் அங்கேயே உப்புக்கு வாசல் திறந்ததாகும். கம்பி கட்டும் கம்பியின் முனைகளை உள்பக்கம் மடக்குங்கள். ஊற்றும் முன் ஒரு கம்பியில் உறையிட்ட செப்புக் கம்பியை இறுக்கிப் பிடித்து வெளியே விட்டு வையுங்கள், பின்னால் சோதிக்கத் தேவைப்படும். வைப்ரேட்டரை அளவாக, எல்லா இடத்திலும்.

படி 6: ஈரம் காத்தல்

சாம்பலும் சுண்ணாம்பும் வினைபுரிய ஈரம் வேண்டும், நாட்கள் வேண்டும். சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாள் என்றால் இதற்கு 14 நாள் வையுங்கள். இது என் கட்டாய நிபந்தனை. பினாங்கில் காலையில் வெயில் கொளுத்தும், மாலையில் மழை கொட்டும். மழை பெய்ததே என்று விட்டுவிட்டால், இடையில் காயும் அந்த நான்கைந்து மணி நேரத்தில் மேற்பரப்பு செத்துவிடும். கவர் இருப்பதே அந்த மேற்பரப்பில்தான். அதாவது, கம்பியைக் காக்கும் அந்தச் சில சென்டிமீட்டர்கள்தான் முதலில் காய்கின்றன.

ஊற்றி முடித்ததும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். இறுகிய பிறகு நனைத்த சாக்கு, அதன் மேல் மீண்டும் பிளாஸ்டிக் தாள். தூணுக்கு அடைப்புப் பலகைகளை இரண்டு மூன்று நாள் கூடுதலாக விட்டு, கழற்றியதும் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். குழாய்த் தண்ணீர் மட்டும். கடலோரத்தில் வேலை என்றால் முதல் நாட்களில் அலைத்துளி படாமல் மறைப்பு வைக்க வேண்டும்.

படி 7: பலன் வந்ததா என்று பார்த்தல்

மாதிரி உருளைகளை 90ஆம் நாளில் ஏ.எஸ்.டி.எம். சி1202 சோதனைக்கு அனுப்புங்கள். 50 மி.மீ. தடிப்பு வில்லையின் வழியே 60 வோல்ட் மின்சாரத்தை ஆறு மணி நேரம் செலுத்தி, கடந்த மின்னூட்டத்தைக் கூலோம் கணக்கில் அளப்பார்கள். 4,000-க்கு மேல் என்றால் உப்பு சுலபமாக நுழையும். 1,000 முதல் 2,000 வரை குறைவு. 1,000-க்கும் கீழே என்றால் மிகக் குறைவு. ஆனால் இந்தச் சோதனை மின்சாரம் கடக்கும் தன்மையைத்தான் அளக்கிறது. சாம்பல் துளைநீரின் வேதியலையும் மாற்றுவதால், எண் உண்மையைவிடக் கொஞ்சம் அழகாகத் தெரியக்கூடும். இன்னொரு துண்டை உப்புநீரில் ஊறவைத்து, பிளந்து, வெள்ளி நைட்ரேட் தெளித்து, உப்பு எத்தனை மி.மீ. போயிருக்கிறது என்றும் பாருங்கள்.

கார்பனேட் ஆவதைப் பார்க்கப் புதிதாக உடைத்த பரப்பில் காரத்தை நிறத்தால் காட்டும் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். காரம் உள்ள பகுதி ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும், கெட்ட பகுதி நிறம் மாறாது. சாம்பல் கலந்த துண்டையும் கலக்காததையும் பக்கத்தில் வைத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். மழை படாத, காற்று மட்டும் படும், கூரைக்கு அடியில் உள்ள பகுதியில்தான் வித்தியாசம் முதலில் தெரியும்.

கட்டடத்திலேயே கம்பியின் நிலையை அறிய, வெளியே விட்டு வைத்த செப்புக் கம்பியை மின்னழுத்தமானியின் ஒரு முனையிலும், ஒப்பிட உதவும் செம்பு-செம்பு சல்பேட் மின்முனையை இன்னொரு முனையிலும் இணைத்து, நனைத்த பரப்பில் அரை மீட்டர் இடைவெளியில் அளந்து வரைபடமாகக் குறியுங்கள். ஏ.எஸ்.டி.எம். சி876 கணக்குப்படி -200 மில்லிவோல்ட்டுக்கு மேலே, அதாவது பூஜ்யத்தின் பக்கம் இருந்தால், துரு இல்லை என்பதற்கு 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. -350-ஐத் தாண்டிக் கீழே போனால் துரு நடக்கிறது என்பதற்கு அதே அளவு வாய்ப்பு. இடையில் இருந்தால் முடிவு சொல்ல முடியாது. எப்போதும் நீரில் மூழ்கிய பகுதியில் பிராணவாயு குறைவதால் எண் மிகவும் கீழே போகும், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஒரே ஓர் எண்ணைவிட, பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே எண் திடீரென்று சரியும் இடமே கவனிக்க வேண்டிய இடம். அங்கே சுத்தியலால் தட்டி, பொள்ளென்று சத்தம் வந்தால் உடனே பொறியாளரை அழையுங்கள். ஏற்கெனவே உப்பு ஏறிய கான்கிரீட்டின் மேல் சாம்பல் காரையைப் பூசி அதைக் காப்பாற்ற முடியாது. கம்பிக்குப் பின்புறம் வரை உடைத்தெடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, புதிதாக நிரப்பித்தான் ஆக வேண்டும்.